நாற்றங்கால் ஒரு ஊரில், அறுவடை வேறு ஊரில்

ரக்பி பக்கமே போகாதவர்கள்கூட 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின்போது அந்த்வான் துப்போன் என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். எழுவர் ரக்பியில் பிரான்ஸ் தங்கம் வென்றபோது எல்லாக் கேமராவும் அவர் மேல்தான். அவர் வளர்ந்த பாதையை வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தால், பிரான்ஸில் கிளப்புகள் ஆள் பிடிக்கும் முறை ஓரளவு விளங்கிவிடும். முதலில் பந்தைத் தொட்டது பிரனே மலைக்கு வடக்கே, கஸ்தெல்னோ-மஞோவாக் என்ற சிற்றூரின் கிளப்பில். 2011இல், பதினாலு வயதில், ஓஷ் நகரக் கிளப். 2014இல் கஸ்த்ர். 2017இல் துலூஸ். அதே 2017இல் ஓஷ் கிளப் கடனில் மூழ்கிக் கலைக்கப்பட்டது. நாற்று நல்ல நாற்றுதான். நாற்றங்கால்தான் தரிசாகிப் போனது.

பிரெஞ்சு ரக்பியில் வேலி கிடையாது. எந்தப் பெரிய கிளப்பும் எந்த ஊர்ப் பையனையும் போய்ப் பார்க்கலாம், பேசலாம், அழைத்து வரலாம். மற்ற நாடுகளில் அப்படியில்லை.

இங்கிலாந்தில் ஒவ்வொரு தொழில்முறைக் கிளப்பின் அகாடமிக்கும் இன்னின்ன மாவட்டங்கள் என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த எல்லைக்குள் இருக்கிற பள்ளிகளையும் சின்னக் கிளப்புகளையும் அந்த அகாடமிதான் கவனிக்க வேண்டும். ஒழுங்கான ஏற்பாடு. ஆனால் எல்லைக்குச் சொந்தக்காரனே விழுந்துவிட்டால்? 2022–23 பருவத்தில் வுஸ்டர், வாஸ்ப்ஸ், லண்டன் ஐரிஷ் மூன்றும் அடுத்தடுத்துச் சாய்ந்தபோது அந்தப் பகுதிப் பையன்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

அயர்லாந்தில் நான்கு மாகாண அணிகள்தான், நான்குமே தேசிய ரக்பி சங்கத்தின் கைக்குள். லென்ஸ்டர் மாகாணத்தில் டப்ளினின் பிளாக்ராக் மாதிரிக் கட்டணப் பள்ளிகளே அகாடமியின் பாதி வேலையைச் செய்து கொடுத்துவிடுகின்றன. அந்த வசதியே ஒரு பொறி. பள்ளிக்கூட ஆட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் டலோ கிளப்பிலிருந்து வந்த ஷான் ஓ'பிரையனும் நியூ ராஸ் கிளப்பில் ஆடிய டைக் ஃபர்லாங்கும் கண்ணில் பட்டிருக்க மாட்டார்கள். இருவரும் டப்ளினுக்கு வெளியே பண்ணை வீடுகளில் வளர்ந்தவர்கள். அதனால்தான் கிராமப்புறக் கிளப் பையன்களைப் பகுதிவாரியாகத் திரட்டி ஆடவைக்கும் தனிப் பாதை ஒன்று அங்கே இருக்கிறது.

இனி பிரான்ஸ். இங்கே எல்லாவற்றையும் ஆட்டிவைப்பது ஜிஃப் (JIFF) என்ற நாலெழுத்துச் சுருக்கம். பிரெஞ்சுப் பயிற்சி வழியில் வந்த வீரர் என்று பொருள். 21 வயதுக்குள் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மையம் ஒன்றில் மூன்று பருவம் இருந்திருக்க வேண்டும், அல்லது பிரெஞ்சு ரக்பி சங்கத்தின் உரிம அட்டையோடு ஐந்து பருவம் ஆடியிருக்க வேண்டும். இதுதான் அடிப்படை. பாஸ்போர்ட்டுக்கு இதில் வேலையே இல்லை. பிஜியில் பிறந்து 17 வயதில் வந்து சேர்ந்தவன் ஜிஃப் ஆகலாம். பிரெஞ்சுக் குடியுரிமையோடு வெளிநாட்டில் ஆடி வளர்ந்து 22 வயதில் வருகிறவன் ஆக முடியாது.

ஏன் இப்படிச் சுற்றி வளைத்தார்கள் என்றால், நாட்டின் பெயரைச் சொல்லித் தடுக்கச் சட்டம் விடாது. 1995 போஸ்மான் தீர்ப்பு ஐரோப்பிய ஒன்றியத்துக்காரர்களுக்குக் கதவைத் திறந்தது. 2003 கோல்பாக் தீர்ப்பு, ஒன்றியத்தோடு ஒப்பந்தம் உள்ள நாடுகளுக்கும் திறந்தது. தென்னாப்பிரிக்கா, பிஜி, டோங்கா எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. எனவே எங்கே பிறந்தான் என்று கேட்காமல் எங்கே பழகினான் என்று கேட்கிற விதி 2010 வாக்கில் வந்தது. ஆட்ட நாளில் அணியில் 23 பேர். அதில் பருவம் முழுவதுக்கும் சராசரியாக இத்தனை ஜிஃப் இருக்க வேண்டும் என்று கணக்கு. 14 என்று இருந்தது 16க்கு ஏறியது. குறைந்தால் லீக் பட்டியலில் புள்ளி போகும்.

பலன் கண்ணெதிரே தெரிகிறது. 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை 2018, 2019, 2023 என்று நடந்த மூன்று தொடரிலும் வரிசையாக பிரான்ஸ் வென்றது. இடையில் மூன்று வருடம் கொரோனாவால் தொடரே நடக்கவில்லை.

விதி நல்லதா என்றால் நல்லதுதான். ஆனால் அது வாங்கும் பழக்கத்தை நிறுத்தவில்லை, வாங்கும் வயதைக் கீழே இறக்கியது. முன்பு 27 வயது நியூஸிலாந்துக்காரனுக்குப் பெட்டியைத் திறந்த கிளப், இப்போது மஸாமே என்ற சிறு நகரத்தின் 15 வயதுப் பையன் வீட்டு வாசலில் நிற்கிறது. சிக்கல் என்னவென்றால் 15 வயதில் யார் தேறுவான் என்று சொல்ல இந்த விளையாட்டில் ஆளே இல்லை. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்ற பழமொழி ரக்பியில் பாதி நேரம் பொய்.

காரணம் உடம்பு. பையன்களுக்கு உயரம் வேகமாக ஏறும் கட்டம் சராசரியாக 14 வயதை ஒட்டி வரும். ஒருவனுக்கு 12இல், இன்னொருவனுக்கு 16இல். 12இல் வளர்ந்துவிட்டவன் 14 வயது ஆட்டத்தில் ஐந்து பேரை உதறிவிட்டு ஓடுவான். பார்க்க அற்புதமாக இருக்கும். அவன் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: இடித்தால் வழி கிடைக்கும். 18இல் மற்றவர்கள் அவன் அளவுக்கு வந்ததும், இடித்தால் வழி கிடைக்காது. பாஸ் கொடுக்கவோ இடைவெளி பார்க்கவோ அதுவரை அவனுக்குத் தேவையே வந்திருக்காது.

பிறந்த மாதமும் விளையாடும். பிரான்ஸில் வயதுப் பிரிவு காலண்டர் வருடக் கணக்கு. ஜனவரிப் பையனும் டிசம்பர்ப் பையனும் ஒரே அணி. இங்கிலாந்தில் கணக்கு செப்டம்பரில் தொடங்கும். ஆக அங்கே செப்டம்பர்க்காரன் மூத்தவன், இங்கே ஜனவரிக்காரன் மூத்தவன். துப்போன் பிறந்தது நவம்பர் 15. அவருடைய வருடத்தில் கடைக்குட்டிகளில் ஒருவர், உயரமும் குறைவு. அந்த வயதில் எடை பார்த்து ஆள் எடுத்திருந்தால் பட்டியலில் வந்திருக்க மாட்டார்.

நல்ல பயிற்சி மையங்கள் இதற்கு ஒரு எளிய வழி வைத்திருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நின்ற உயரம், உட்கார்ந்த உயரம், எடை மூன்றையும் எடுப்பார்கள். உட்கார்ந்த உயரத்துக்கு ஒரு பெட்டி போதும். முதுகைச் சுவரோடு ஒட்டி உட்காரவைத்து, இருக்கையிலிருந்து உச்சந்தலை வரை அளப்பது. நின்ற உயரத்திலிருந்து அதைக் கழித்தால் கால் நீளம். கால்தான் முதலில் நீளும், உடல்பகுதி பின்னால் வரும். கால் நீண்டு உடல் இன்னும் நீளவில்லை என்றால் பெரிய வளர்ச்சி இனிமேல்தான் என்று புரிந்துகொள்ளலாம். காலையிலேயே அளக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் முதுகெலும்பு அமுங்கி ஒரு சென்டிமீட்டர் வரை குறைந்துவிடும், கணக்கே தப்பிவிடும். பெற்றோர் உயரத்தை வைத்து இறுதி உயரத்தை ஊகிக்கும் சூத்திரமும் உண்டு. அதில் ஐந்து சென்டிமீட்டர் முன்பின் ஆகலாம். தவிர, அப்பாக்களை வாய்வார்த்தையாகக் கேட்டால் இரண்டு சென்டிமீட்டர் கூட்டித்தான் சொல்வார்கள். அளந்து பார்ப்பதே உத்தமம்.

மூன்று மாதத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஏறியிருந்தால் அவனுக்குத் தாவல் பயிற்சியையும் முழு வேக ஓட்டத்தையும் குறைக்க வேண்டும். எலும்பு முன்னால் போய்விட்டது, தசைநார் இன்னும் வரவில்லை. முழங்காலுக்குக் கீழே முட்டு மாதிரி வீங்கி வலிப்பதும் குதிகால் வலியும் இந்தக் காலத்தில்தான் வரும். அப்போது பையன் தடுமாறுவான், பந்தை நழுவவிடுவான், போன வருடத்தைவிட மோசமாக ஆடுவான். "இவன் அவ்வளவுதான்" என்று பெயரை அடித்துவிடும் தவறு அதிகம் நடப்பதும் இந்த ஆறு மாதத்தில்தான்.

சரி, ஆள் பார்க்கப் போகிறவர் எதைப் பார்க்க வேண்டும்? ட்ரை, அதாவது எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்ததைப் பார்க்க ஸ்கௌட் தேவையில்லை, அது ஸ்கோர் பலகையிலேயே இருக்கும். பந்தோடு வருகிறவனைப் பிடித்து வீழ்த்தி (டேக்கிள்) தானும் விழுந்தவன் எத்தனை நொடியில் எழுந்து அடுத்த இடத்துக்குப் போகிறான் என்று பார்க்க வேண்டும். பந்து எதிர்ப் பக்கம் இருக்கும்போது அவன் கால் நகர்கிறதா, இடுப்பில் கை வைத்து நிற்கிறானா? பலவீனமான கைப்பக்கம் பாஸ் கொடுக்கும்போது உடம்பு முழுக்கத் திரும்புகிறதா, மணிக்கட்டில் முடிகிறதா? தவறு செய்த அடுத்த நிமிடம் என்ன செய்கிறான்? குறைந்தது மூன்று ஆட்டம் பார்க்க வேண்டும், அதில் ஒன்று வெளியூரில், ஒன்று மழையில். தெற்கே ஏப்ரல் வெயிலில் காய்ந்த தரையில் எல்லாருமே நன்றாகத்தான் ஓடுவார்கள்.

எண்களும் வேண்டும், அதிகம் வேண்டாம். 85 கிலோ ஆள் நொடிக்கு 8.5 மீட்டர் வேகத்தில் வந்தால் உந்தம் 722. 105 கிலோ ஆள் 7 மீட்டர் வேகத்தில் வந்தால் 735. மோதலில் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் முதலாமவனைத் துரத்திப் பிடிக்க முடியாது. எடையை மட்டும் குறித்துக்கொண்டு வருகிற ஸ்கௌட் பாதிக் கணக்கோடு வருகிறார். மூச்சுத் திறனுக்கு ப்ரோங்கோ ஓட்டம்: 20 மீட்டர் போய் வா, 40 போய் வா, 60 போய் வா. இது ஒரு சுற்று, 240 மீட்டர். நிற்காமல் ஐந்து சுற்று, மொத்தம் 1,200. பின்வரிசைக்காரன் ஐந்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். முன்வரிசைக்காரனுக்குக் கொஞ்சம் கூடலாம். வேடிக்கை என்னவென்றால் மொத்த நேரம் அவ்வளவு முக்கியமில்லை. நாலாவது சுற்றுக்கும் ஐந்தாவது சுற்றுக்கும் இடையே எவ்வளவு தொய்கிறான் என்பதுதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

முன்வரிசையைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு அணியினரும் தோள் கோத்து எதிரெதிரே தள்ளுவதுதான் ஸ்க்ரம். அதன் முன்வரிசையில் இரு ஓரத்திலும் ப்ராப், நடுவில் ஹூக்கர். இரண்டும் தாமதமாகப் பழுக்கும் இடங்கள். மைதான ஓரத்தில் ஓடும் விங்கில் ஆடுகிறவன் 19இலேயே தயாராகிவிடலாம், ப்ராப் முழுசாகத் தேற 25 தாண்டும். 19 வயதுக்குட்பட்ட ஆட்டங்களில் ஸ்க்ரத்தை ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளக்கூடாது என்று விதி. பாதுகாப்புக்காக வைத்தது, வைத்ததும் சரி. ஆனால் அதனால் ஒரு இளம் ப்ராப் நிஜமான ஸ்க்ரத்தை முதன்முதலில் சந்திப்பது வளர்ந்தவர்களின் ஆட்டத்தில்தான். 18 வயதில் "ஸ்க்ரத்தில் பலவீனம்" என்று எழுதிக் கழிப்பது, நீச்சல் குளத்தையே காட்டாமல் நீந்தத் தெரியவில்லை என்பது மாதிரி. அந்த வயதில் பார்க்க வேண்டியது இடுப்பு வளையும் அளவு, கழுத்து வலு, முதுகு நேராக நிற்கிறதா என்பவைதான். கழுத்துக்கு வாரம் இரண்டு மூன்று முறை நான்கு திசையிலும் அசையாமல் தாங்கும் பயிற்சி போதும். செலவே இல்லை. இருந்தும் சின்னக் கிளப்புகள் முதலில் கைவிடுவது இதைத்தான், ஏனென்றால் பார்க்கச் சலிப்பாக இருக்கும்.

பயிற்சி மையத்துக்குள் வந்தபின் என்ன? பையன் பயிற்சி ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திடுவான். படிப்போ தொழிற்கல்வியோ கட்டாயமாகக் கூடவே நடக்க வேண்டும். அது இல்லாமல் மையத்துக்கு அரசு அங்கீகாரம் கிடையாது. பயிற்சி முடிந்ததும் முதல் தொழில்முறை ஒப்பந்தத்தைத் தன்னோடுதான் போட வேண்டும் என்று கிளப் கேட்கலாம். ஆனால் அது எத்தனை வருடம் போகலாம் என்பதற்குச் சட்டத்தில் வரம்பு உண்டு.

18 வயதுக்குட்பட்டோருக்கு கிராபோஸ் என்ற தேசியப் போட்டி, அதற்கு மேல் எஸ்ப்வார். நம்பிக்கைகள் என்று பொருள். பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் நம்பிக்கையாகவே நின்றுவிடுகிறார்கள்.

இங்கே அடிக்கடி கெடுவது எடை. கிளப் 95 கிலோ கேட்கிறது, பையன் 84. ஒரு வருடத்தில் நான்கைந்து கிலோ தசை ஏறினாலே நல்ல முன்னேற்றம். அவசரப்பட்டு பத்து ஏற்றினால் பாதி கொழுப்பாக வரும், முடுக்கம் போகும், தொடைப் பின்தசை கிழியும். சாப்பாட்டில் கிலோவுக்கு 1.6 முதல் 2 கிராம் புரதம். 90 கிலோ ஆளுக்கு 145–180 கிராம், அதை நாலு வேளையாகப் பிரித்து. இதை விடுதிச் சமையலறையே தந்துவிடலாம். டப்பாவில் வாங்கும் பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று ஊக்கமருந்துச் சோதனைக்காரர் கேட்டால், பதில் சொல்ல வேண்டியது கடைக்காரர் இல்லை, பையன்தான்.

பிரெஞ்சு முறையில் இளைஞர்களை உண்மையில் வளர்ப்பது ஜிஃப் விதி மட்டுமில்லை என்பது என் கட்சி. அதில் பாதிப் பங்கு காலண்டருக்குப் போக வேண்டும். முதல் அடுக்கான டாப் 14 லீக்கில் 14 அணிகள், 26 சுற்று. அத்தனை சுற்றுக்கு வருடத்தில் இடம் போதாது. அதனால் தேசிய அணிகள் மோதும் ஆறு நாடுகள் போட்டி நடக்கும் பிப்ரவரி, மார்ச்சிலும் லீக் ஓடிக்கொண்டிருக்கும். தேசிய அணிக்கு ஐந்தாறு பேரைக் கொடுத்துவிட்ட துலூஸ், அந்த வாரம் 19, 20 வயதுக்காரர்களை இறக்கித்தான் ஆக வேண்டும். கிளப் தலைவர்கள் இந்தக் காலண்டரைத் திட்டாத நாளில்லை. ஆனால் குளிர்காலச் சனிக்கிழமை, 15,000 பேர் முன்னால், புள்ளி பறிபோகும் ஆட்டத்தில் 80 நிமிடம் நின்றவன் கற்றதை எந்த அகாடமியும் கற்றுத் தராது. இப்படி இடம் கிடைக்காதவர்களை இரண்டாம் அடுக்கான ப்ரோ டே 2வுக்கோ, 2020இல் தொடங்கிய மூன்றாம் அடுக்கான நஸியோனாலுக்கோ கடனாக அனுப்புவார்கள். 21 வயதில் எஸ்ப்வார் அணியிலேயே இன்னொரு வருடம் உட்காருவதைவிட அது நூறு மடங்கு மேல்.

தென்மேற்குக்கு வெளியே பெரிய நாற்றங்கால் பாரிஸ் புறநகர். தெற்கே மாசி, வடகிழக்கே பொபினி. மத்தியூ பஸ்தரோ மாசி வழியாக வந்தவர். அவர்கள் ஆள் வளர்ப்பதில் பெயர் வாங்கியவர்கள், தக்கவைத்துக்கொள்ளப் பணம் இல்லாதவர்கள். பொபினி, லா கூர்னவ் பக்கம் நம் ஈழத்துக் குடும்பங்கள் ஏராளம். பையன்களைக் கிரிக்கெட்டுக்கும் கால்பந்துக்கும் அனுப்புகிறவர்களுக்குப் பக்கத்துத் தெருவில் ரக்பிப் பள்ளி இருப்பது தெரியாமலே இருக்கும். ஐந்தாறு வயதிலிருந்து சேரலாம், உரிம அட்டை செப்டம்பரில், பயிற்சி பெரும்பாலும் புதன், சனி. பல்காப்பு கட்டாயம் போட்டுவிடுங்கள். வெந்நீரில் இட்டு வாய்க்கு அமைக்கும் வகையே ஆரம்பத்துக்குப் போதும், ஆனால் பல் விழுந்து முளைக்கும் வயதில் வருடா வருடம் மாற்ற வேண்டும்.

வேலி இல்லாத முறை கடலையும் தாண்டியது. கிளெர்மோன் கிளப் பிஜியின் நந்தரோங்கா பகுதியில் அகாடமி வைத்தது. நோவா நகைதாதி, அலிவெரெத்தி ராகா இருவரும் பிஜியிலிருந்து கிளெர்மோன் வழியாகவே வந்து பிரான்ஸுக்கு விங்கில் ஆடினார்கள். 18 வயதுக்குள் கொண்டுவந்து மையத்தில் மூன்று பருவம் வைத்திருந்தால் ஜிஃப், கணக்கு அவ்வளவுதான். நாட்டு அணிக்கு ஆடக் குடியிருக்க வேண்டிய காலத்தை உலக ரக்பி அமைப்பு மூன்று வருடத்திலிருந்து ஐந்தாக்கியது, பிரெஞ்சுச் சங்கம் பாஸ்போர்ட் இல்லாதவர் வேண்டாம் என்றது. அதனால் தேசிய அணி ஆசை குறைந்தது. கிளப் ஆசை குறையவில்லை. மொழி தெரியாத, பனி பார்க்காத, சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்ப வேண்டிய 18 வயதுக்காரனுக்கு முட்டி போய்விட்டால் என்ன ஏற்பாடு என்பது ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

ஊர்க் கிளப்புக்கு வருவோம். 16 வயதுக்குட்பட்டோர் அணியில் 24 பேர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். பெரிய கிளப் வந்து இரண்டு பேரைக் கொண்டுபோகிறது, ஒருவன் ப்ராப். முன்வரிசைக்குப் பழகியவர்கள் போதாது என்றால் தள்ளாத ஸ்க்ரம்தான் ஆட முடியும். அப்புறம் மற்ற ப்ராப்புக்குச் சலிப்பு, அவன் நின்றுவிடுகிறான், கூடவே இன்னும் இரண்டு பேர். பத்தொன்பது பேர் ஆகிறது. பதினைந்து பேர் ஆட்டத்துக்கு மாற்று ஆள் போதவில்லை, பக்கத்து ஊரோடு சேர்ந்து கூட்டணி அணி, அல்லது பத்துப் பேர் ஆட்டம். கூட்டணி என்றால் புதன்கிழமை பயிற்சிக்கு 25 கிலோமீட்டர். கார் இல்லாத வீட்டுப் பையன் அங்கேயே விழுந்துவிடுகிறான். வளர்த்த கிளப்புக்கு ஈட்டுத்தொகை உண்டு என்பது உண்மை. அதை வைத்துப் பந்து வாங்கலாம், மினி பஸ்ஸுக்கு டீசல் போடலாம். ப்ராப் வாங்க முடியாது.

கொஞ்சம் விவரமான கிளப்புகள் இப்போது வேறு மாதிரிச் செய்கின்றன. 15 வயதுப் பையனை எடுத்துக்கொள்வதில்லை. அவனை ஊரிலேயே ஆடவிட்டு, மாதம் ஒரு நாள் கூப்பிட்டுப் பார்க்கின்றன. தங்கள் பயிற்சியாளரை வாரம் ஒருமுறை அங்கே அனுப்புகின்றன. பையன் அம்மா சமையலைச் சாப்பிட்டுக்கொண்டு இன்னும் இரண்டு வருடம் வளர்கிறான், அணியும் உடைவதில்லை. அபாயம் ஒன்றுதான்: அதற்குள் போட்டிக் கிளப் தூக்கிக்கொண்டு போய்விடலாம். வேலி இல்லாத ஊரில் பொறுமைக்காரனுக்கு நஷ்டம் வரத்தான் செய்யும்.

யாராவது உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால், சம்பளத்தைக் கடைசியில் கேளுங்கள். எந்தப் பள்ளி, எந்தப் பாடப் பிரிவு, இடம் உறுதியாகிவிட்டதா? விடுதியில் இரவு பொறுப்பாளர் யார்? மாதத்தில் எத்தனை வார இறுதி வீட்டுக்கு வரலாம், ரயில் கட்டணம் யாருடையது? தலையில் அடிபட்டு நடுவர் நீல அட்டை காட்டினால் எந்த மருத்துவர் பார்ப்பார், திரும்ப ஆட அனுமதி யார் கையெழுத்தில்? கிளப் மருத்துவரும் பயிற்சியாளரும் ஒரே ஆளுக்குப் பதில் சொல்கிறவர்களா? கடைசியாக, பிப்ரவரியில் "நீ வேண்டாம்" என்று சொன்னால், ஜூனில் பாக் என்ற பள்ளி இறுதித் தேர்வு முடியும்வரை அந்த விடுதி அறை அவனுடையதாகவே இருக்குமா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதிலை மட்டும் எழுத்தில் வாங்குங்கள்.